அட்வான்ஸ் யாருடைய பணம்?

படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வில்லிவாக்கத்தில் 4 ஆண்டுகளாக ஒரு வீட்டில் குடியிருக்கிறீர்கள். மாத வாடகை 16,000 ரூபாய். அட்வான்ஸாகப் பத்து மாத வாடகை, அதாவது 1,60,000 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டு மாதத்தில் காலி செய்வதாகச் சொல்லிவிட்டீர்கள். வீட்டுக்காரர், "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறேன்" என்கிறார். பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகையும், பாத்ரூம் பைப், குழாய் வேலைக்கு 9,000 ரூபாயும் பிடித்துக்கொள்வேன் என்கிறார். இதெல்லாம் சரியா, கடைசி மாதங்களின் வாடகையைக் கொடுக்காமல் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். தனித்தனிக் கேள்விகள் போலத் தெரிந்தாலும் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: அவர் கையில் இருக்கும் அந்தப் பணம் யாருடையது?

உங்களுடையது. இதில் சந்தேகமே இல்லை. வாடகை பாக்கி, நீங்கள் செய்த சேதம், கட்டாமல் விட்ட கரண்ட் பில் இவற்றுக்கு ஈடாக அவரிடம் இருக்கும் பணம் அது. அந்த ஈடு தேவைப்படாத அளவுக்கு அதை முழுதாகத் திருப்பித் தர வேண்டிய கடமை அவருக்கு இருக்கிறது. நான் சென்னையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிவில் வழக்குகள் நடத்துகிறவன், அதில் பாதிக்கு மேல் வாடகைத் தகராறுகள். உங்கள் ஒப்பந்தத்தை நான் பார்க்கவில்லை. அதனால் சட்டம் உறுதியாகச் சொல்வது எது, ஒப்பந்த வாசகத்தைப் பொறுத்து மாறக்கூடியது எது என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் தொகை. தமிழ்நாட்டில் இப்போது நடப்பில் இருப்பது 2017ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம். 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 11ஆம் பிரிவு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவது சட்டவிரோதம் என்கிறது. உங்கள் கணக்கில் அது 48,000 ரூபாய். ஆனால் அந்த வரியின் தொடக்கத்திலேயே "வேறுவிதமான ஒப்பந்தம் இருந்தாலொழிய" என்ற பொருள்படும் சொற்கள் இருக்கின்றன. அதனால் பத்து மாதம் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால், மூன்று மாதத்துக்கு மேற்பட்ட தொகையை இப்போதே திருப்பிக் கொடு என்று கேட்பது எளிதல்ல. மூன்று மாதம்தான் சட்டம் என்று செய்தித்தாள்கள் எழுதும்போது இந்தச் சொற்களை விட்டுவிடுகின்றன, வீடு பார்க்கிறவர்கள் அதை நம்பிக்கொண்டு புரோக்கரிடம் வாதாடுகிறார்கள். அதேபோல, வாட்ஸ்அப்பில் சுற்றி வரும் "இரண்டு மாதம்தான் வாங்கலாம்" என்பது மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டத்தில் இருப்பது. பெயரிலேயே இருப்பது போல அது மாநிலங்களுக்கான மாதிரி. தமிழ்நாட்டில் வீட்டு வாடகைக்கு அதைக் காட்டி எதையும் கேட்க முடியாது.

பத்து மாத வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் உங்கள் வீட்டுக்காரர் ஏன் அப்படிப் பேசுகிறார் என்பதும் புரியும். இதற்கு முன் இருந்த 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இன்னும் கடுமையானது, ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றது. அந்தச் சட்டம் உயிரோடு இருந்த காலத்தில்தான் சென்னையில் பத்து மாதம் என்ற வழக்கம் வேரூன்றியது. என் அனுபவத்தில் இதற்குக் காரணம் ஒன்றுதான். குடித்தனக்காரரைக் காலி செய்யவைக்க வழக்குப் போட்டால் அப்பீலுக்கு மேல் அப்பீல் என்று பல ஆண்டுகள் இழுக்கும். அதற்குள் எத்தனை மாத வாடகை நிற்குமோ என்ற பயத்தில் உரிமையாளர்கள் முன்கூட்டியே பெரிய தொகையைக் கையில் வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். அந்தப் பயம் பொய்யும் அல்ல. வாடகையை மட்டும் நம்பி வாழ்ந்த ஓய்வூதியம் இல்லாத முதியவர்கள் நீதிமன்ற வராந்தாவில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

பயத்துக்காக வாங்கிய பணம் நாளடைவில் செலவுக்கான பணமாக மாறிவிட்டது. பிரச்சினையின் வேர் இதுதான். 1,60,000 ரூபாயை வாங்கிய நாளிலேயே அது மாடி கட்டிய கடனுக்கோ, மகள் கல்யாணத்துக்கோ, ஆஸ்பத்திரிக்கோ போய்விடுகிறது. நீங்கள் காலி செய்யும்போது கொடுக்க அவரிடம் பணம் இருக்காது. அடுத்து வருபவரின் அட்வான்ஸை வாங்கித்தான் உங்களுக்குத் தர முடியும், அடுத்தவருக்கு அதற்கு அடுத்தவர். வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடந்தால் சங்கிலி அறுந்துவிடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் மேற்கு மாம்பலத்தில் தனியாக இருந்த ஓர் அம்மாவின் மேல் புகார் சொல்லிக்கொண்டு ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். மூன்று மாதமாக ஏமாற்றுகிறார்கள், நோட்டீஸ் அனுப்புங்கள் என்றார். அனுப்பும் முன் அந்த அம்மாவிடம் ஒருமுறை பேசினேன். கணவரின் டயாலிசிஸுக்குப் பணம் முழுவதும் போயிருந்தது. கொடுக்கக் கூடாது என்ற எண்ணம் அவருக்குக் கொஞ்சமும் இல்லை. கொடுக்க வழி தெரியாமல் போனை எடுக்காமல் இருந்திருக்கிறார். நாலு தவணையாகத் தேதி போட்டு எழுதி வாங்கினோம், நாலும் வந்து சேர்ந்தது. எல்லா வீட்டுக்காரரும் இப்படி என்று சொல்லவில்லை, கொடுக்காமலே போய்விடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் "அடுத்த ஆள் வரட்டும்" என்று ஒருவர் சொன்னால், என்னிடம் இப்போது பணம் இல்லை என்பதைத்தான் அவர் வேறு சொற்களில் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இது தெரிந்தால் எப்படிப் பேசுவது என்பதும் தெரியும்.

சட்டப்படி அவருடைய அந்தப் பதில் செல்லாது. நீங்கள் வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நீங்கள் தர வேண்டியது ஏதாவது இருந்தால் அதை மட்டும் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது அதே 11ஆம் பிரிவில் இருக்கிறது. அடுத்த ஆள் வருகிறாரா இல்லையா என்பதற்கும் உங்கள் பணத்துக்கும் சம்பந்தமில்லை. நடைமுறையில் பெரும்பாலானோர் எதிர்பார்ப்பது சாவியும் பணமும் ஒரே நாளில் கை மாறுவதை. அது நல்ல வழக்கம்தான், ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் அதைக் கேட்கலாம். எழுதவில்லை என்றால் சட்டம் அவருக்கு ஒரு மாத அவகாசம் தருகிறது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீங்கள் அடுத்து போகும் வீட்டுக்கும் அட்வான்ஸ் கட்ட வேண்டியிருக்கும். வட்டி பற்றிப் பலர் கேட்பார்கள். 1,60,000 ரூபாயை 6 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டிருந்தால் ஆண்டுக்கு 9,600, நாலு ஆண்டில் 38,400 ரூபாய் உங்களுக்கு வந்திருக்கும். குடியிருந்த காலத்துக்கு அந்த வட்டியைத் தரச் சொல்லும் விதி எதுவும் இல்லை, பெரும்பாலான ஒப்பந்தங்களில் "வட்டியில்லாமல்" என்றே எழுதியிருக்கும். ஆனால் திருப்பித் தர வேண்டிய நாள் கடந்த பிறகு ஏற்படும் தாமதத்துக்கு வட்டி கேட்டு நோட்டீஸ் அனுப்பலாம், நீதிமன்றம் எவ்வளவு தரும் என்பது வழக்கைப் பொறுத்தது.

இனி பெயிண்டிங். தமிழ்நாட்டில் வாடகைதாரர்கள் அதிகமாக இழக்கும் பணம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2017 சட்டத்தின் இரண்டாம் அட்டவணை எந்தப் பழுது யார் பொறுப்பு என்று பட்டியலே போட்டிருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது, தேவைப்படும்போது தண்ணீர் பைப்புகளை மாற்றுவது, மின்சார வயரிங், கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது எல்லாம் உரிமையாளர் பக்கம். குழாய் வாஷரும் குழாயும் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, கழிப்பறைக் கோப்பை, வாஷ் பேசின், கீசர், ஸ்விட்ச், சாக்கெட், கதவுப் பூட்டு, கைப்பிடி, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி போன்றவை வாடகைதாரர் பக்கம். இந்தப் பட்டியலை ஒருமுறை படித்துவிட்டால் பாதித் தகராறு தீர்ந்துவிடும். உங்கள் 9,000 ரூபாயையே எடுத்துக்கொள்ளுங்கள். சுவருக்குள் பைப் கசிந்து டைல்ஸைப் பெயர்த்து மாற்றிய செலவு அவருடையது. தேய்ந்துபோன இரண்டு குழாயை மாற்றியது உங்களுடையது. பிளம்பர் பில்லைக் கேளுங்கள், குழாய் விலையையும் அதை மாட்டிய கூலியையும் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். பில் இல்லாத தொகைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

பெயிண்டிங் விஷயத்தில் உறுதி, சந்தேகம் இரண்டும் கலந்திருக்கின்றன. அட்டவணைப்படி அது உரிமையாளர் வேலை என்பது உறுதி. ஆனால் சென்னையில் எழுதப்படும் முக்கால்வாசி ஒப்பந்தங்களில் "காலி செய்யும்போது பெயிண்டிங்குக்காக ஒரு மாத வாடகை கழித்துக்கொள்ளப்படும்" என்று ஒரு வரி இருக்கும். ஒப்பந்தத்தில் அப்படிக் கையெழுத்துப் போட்டிருந்தால் சட்டத்தின் அட்டவணை மேலா, அந்த வரி மேலா என்று வாதம் வரும். அட்டவணைதான் மேல் என்பது என் கட்சி, அதற்கு நல்ல வாதமும் இருக்கிறது. ஆனாலும் 16,000 ரூபாய்க்காக இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போங்கள் என்று யாருக்கும் நான் சொல்வதில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை என்றால் அவர் ஒரு ரூபாய்கூடப் பிடிக்க முடியாது, "இதுதான் எங்க ஏரியா வழக்கம்" என்பது போதாது. வரி இருந்தால் பேசிக் குறைக்கப் பாருங்கள். நாலு ஆண்டு ஆகிவிட்டது, யார் குடியிருந்திருந்தாலும் அந்தச் சுவருக்கு இப்போது பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும் என்பது உங்கள் பக்க நியாயம். எட்டு மாதத்தில் காலி செய்து, சுவர் முழுக்கக் குழந்தை கிரேயானால் வரைந்து வைத்திருந்தால் நான் உங்களிடம் வேறு மாதிரி பேசியிருப்பேன்.

சாதாரணத் தேய்மானம் என்பதற்கும் சேதம் என்பதற்கும் எங்கே கோடு போடுவது? சட்டம் அளவுகோல் எதையும் கையில் கொடுக்கவில்லை, ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன், இது என் கருத்து. நம் ஊர் உப்புத் தண்ணீரில் குழாயிலும் டைல்ஸிலும் வெள்ளையாகப் படிவது, மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறுவது, சமையலறைச் சுவரில் லேசான எண்ணெய்ப் பிசுக்கு, காலண்டர் மாட்டிய நாலு ஆணித் துளை, இவை குடியிருந்ததன் அடையாளங்கள், இவற்றுக்குப் பணம் பிடிப்பது நியாயமில்லை. ஏசி மாட்டுவதற்காக அனுமதி கேட்காமல் சுவரைக் குடைந்தது, கிரானைட் மேடையில் குக்கரைப் போட்டு விரிசல் விட்டது, உடைந்த வாஷ் பேசின், நாய் பிராண்டிய கதவு, இவை சேதம். அதிலும் பொருளின் வயதைக் கழிக்க வேண்டும். பத்து ஆண்டு ஓடிய மின்விசிறி உங்கள் காலத்தில் நின்றுபோனால் புது மின்விசிறியின் விலையை உங்கள் தலையில் கட்டுவது எந்தக் கணக்கிலும் சேராது. இந்த வாதங்களில் யார் ஜெயிப்பார் என்பது கடைசியில், நீங்கள் குடிவந்த நாளில் வீடு எப்படி இருந்தது என்பதை யாரால் காட்ட முடியும் என்பதில் வந்து நிற்கும். அந்த நாளில் நீங்கள் போட்டோ எடுத்திருந்தால் தேடி எடுத்து வையுங்கள். பால் காய்ச்சிய அன்று எடுத்த குடும்பப் படத்தின் பின்னால் தெரியும் சுவர்கூட எனக்கு ஒரு வழக்கில் உதவியிருக்கிறது.

வாடகையைக் கழிப்பது பற்றி. அவரைக் கேட்காமல் நீங்களாகவே நிறுத்தாதீர்கள். இரண்டு மாத வாடகை பாக்கி வைப்பது காலி செய்யச் சொல்வதற்கான காரணங்களில் ஒன்றாகச் சட்டத்திலேயே இருக்கிறது. எப்படியும் காலி செய்யத்தானே போகிறோம் என்று நினைக்கலாம், ஆனால் பாக்கிக்காரர் என்ற பெயர் உங்கள் மேல் வந்துவிட்டால், பிறகு நீங்கள் பணம் கேட்கும்போது அவர் பதிலுக்குச் சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிடும். அதற்குப் பதில் அவரிடமே போய்ச் சொல்லுங்கள்: "உங்களுக்கு மொத்தமாகப் புரட்டுவது கஷ்டம் என்று தெரிகிறது. மீதி இரண்டு மாத வாடகை 32,000 ரூபாயை அட்வான்ஸில் கழித்துக்கொள்வோம். நீங்கள் திருப்பித் தர வேண்டியது 1,28,000 ஆகக் குறையும்." கையில் பணம் இல்லாதவருக்கு இது உண்மையிலேயே உதவி, அதனால் பலர் ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொண்டதும் அதை வாட்ஸ்அப்பில் எழுதி, அவரிடமிருந்து "சரி" என்று பதில் வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சாக மட்டும் விடாதீர்கள். மொத்த அட்வான்ஸும் தீரும் வரை அங்கேயே இருந்து கழித்துக்கொள்கிறேன் என்ற யோசனை மட்டும் வேண்டாம். குடியிருப்புக் காலம் முடிந்த பிறகும் காலி செய்யாதவரிடம் இரு மடங்கு வாடகையை இழப்பீடாகக் கேட்கும் உரிமை உரிமையாளருக்கு இருக்கிறது. அவர் பக்கம் கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் அதுவும் சட்டப்படி தவறு, வாடகை அதிகாரியிடம் முறையிடலாம்.

அவர் ஒரு மாதம் கழித்தும் தரவில்லை என்றால் எங்கே போவது என்பதில்தான் நான் ஜாக்கிரதையாகப் பேச வேண்டியிருக்கிறது. 2017 சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அந்தப் பொறுப்பில் இருப்பார், பதிவுக்கு அரசின் இணையதளமும் இருக்கிறது. பதிவு செய்திருந்தால் வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம் என்ற வழி தெளிவாக இருக்கிறது. சென்னையில் சிறு வழக்கு நீதிமன்றங்களே வாடகை நீதிமன்றங்களாகவும் செயல்படுகின்றன. ஆனால் நான் பார்க்கும் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை முத்திரைத் தாளில் 11 மாதத்துக்கு எழுதி, இரண்டு சாட்சி கையெழுத்தோடு பீரோவுக்குள் போய்விட்டவை. அதிலும் பாதி, முதல் 11 மாதத்துக்குப் பிறகு புதுப்பிக்கப்படாதவை. 11 மாதம் என்பது, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற மத்தியப் பதிவுச் சட்டத்தைத் தவிர்க்க வந்த பழக்கம். 2017 சட்டத்தின் பதிவு வேறு, 11 மாதம் என்று எழுதிவிட்டால் அது தேவையில்லை என்று ஆகாது. பதிவாகாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்பதற்கு 2017 சட்டத்திலேயே தடை இருக்கிறது. அப்படிப்பட்ட நிலையில் அட்வான்ஸ் கேட்டு வருகிறவர்களுக்கு, நீங்கள் பணம் கொடுத்ததற்கான வங்கிப் பதிவு, வாட்ஸ்அப் உரையாடல் இவற்றை வைத்துப் பண வசூல் வழக்குப் போடுவதா, வாடகை நீதிமன்றத்தையே அணுகுவதா என்று ஒவ்வொரு வழக்காகப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். பொதுவான ஒரே பதில் கிடையாது. பணத்தைக் கேட்டு வழக்குப் போட 3 ஆண்டு காலவரம்பு இருக்கிறது என்பதை மட்டும் மறக்காதீர்கள், பேச்சுவார்த்தை என்று சொல்லியே அதைக் கடத்திவிடுகிறவர்கள் உண்டு.

வழக்குக்கு முன்னால் இன்னும் ஒரு வாசல் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் எதிர்த் தரப்பை அழைத்துப் பேசுவார்கள். கட்டணம் இல்லை. சமரசம் ஏற்பட்டு மக்கள் நீதிமன்றத்தில் பதிவானால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீலும் கிடையாது. அட்வான்ஸ் போன்ற தொகைகளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் பெரும்பாலும் இது சிவில் விவகாரம் என்று அனுப்பிவிடுவார்கள், அது சரியான பதில்தான்.

இதைப் படிக்கும் வீட்டுக்காரர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது ஒரு பக்கத்தின் பிரச்சினை அல்ல. மூன்று மாத அட்வான்ஸ் வாங்கி அதை அப்படியே ஒரு வைப்பு நிதியில் போட்டுவிடுங்கள். பத்து மாதம் வாங்கிச் செலவழித்துவிட்டு, காலி செய்பவரின் போனை எடுக்காமல் தவிப்பதைவிட இது நிம்மதி. வங்கி வட்டி உங்களுக்குத்தான். வாடகை ஒரு மாதம் தவறியதுமே எழுத்தில் கேளுங்கள், ஐந்து மாதம் அட்வான்ஸில் கழியட்டும் என்று சும்மா இருக்காதீர்கள், பிறகு சேதத்துக்குப் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. பிடிக்க வேண்டியது உண்மையிலேயே இருந்தால் போட்டோவும் பில்லும் வைத்து ஒரே தாளில் கணக்காகக் கொடுங்கள். நியாயமான பிடித்தத்தைக்கூட வாய்க்கணக்காகச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி எழுதினால் இரு பக்கத்துக்கும் நல்லது: "வாடகைதாரர் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்கும் நாளில் இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்வையிட்டு, ரசீதுள்ள செலவுகளையும் நிலுவைகளையும் மட்டும் கழித்து, மீதி அட்வான்ஸ் தொகையை உரிமையாளர் அன்றே வங்கி மூலம் திருப்பித் தர வேண்டும்."

கேள்விக்கு வெளியே ஒன்று, ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வாடகையே வேண்டாம், மொத்தமாக 8 லட்சம், 10 லட்சம் கொடுத்துவிட்டு மூன்று ஆண்டு இருங்கள் என்று லீசுக்கு, ஒத்திக்கு வீடு விடுகிறார்கள். அட்வான்ஸில் இருக்கும் அபாயம் அங்கே பல மடங்கு. அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து, அது கட்டப்படாமல் வீடு ஏலத்துக்கு வந்தால், பதிவு செய்யாத தாளை வைத்துக்கொண்டு நீங்கள் வங்கியிடம் எதுவும் கேட்க முடியாமல் போகலாம். அப்படிச் சேமிப்பு முழுவதையும் தொலைத்த ஒரு குடும்பத்தைப் பார்த்த பிறகு, வில்லங்கச் சான்று பார்க்காமல், பத்திரப் பதிவு செய்யாமல் ஒத்திக்குப் போகாதீர்கள் என்று நான் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் சொல்லிவருகிறேன். வாடகை வீடே நடுவில் கை மாறினாலும் கவனம் தேவை. புது உரிமையாளரிடம், உங்கள் அட்வான்ஸ் இவ்வளவு, அதற்குத் தானே பொறுப்பு என்று ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்குத் திரும்புகிறேன். இந்த வாரம் ஒப்பந்தத்தை எடுத்து மூன்று வரிகளை மட்டும் தேடுங்கள்: அட்வான்ஸை எப்போது திருப்பித் தருவது, பெயிண்டிங், காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு. பிறகு நேரில் போய் வாடகையைக் கழிக்கும் யோசனையைச் சொல்லுங்கள். அவர் ஒப்புக்கொண்டால், குழாய்க்கும் வேறு நிலுவைக்கும் நியாயமான தொகையைக் கழித்து, மீதிக்குத் தேதி போட்டு எழுதி வாங்குங்கள், ஒரே தேதியாக இல்லாவிட்டாலும் இரண்டு தவணையாக. ஒப்புக்கொள்ளவில்லை என்றால் வாடகையைத் தவறாமல் வங்கி மூலம் கட்டுங்கள், காலி செய்யும் தேதியையும், அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸ் வர வேண்டும் என்பதையும் ஒரு கடிதமாக எழுதி விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்னால் அவரைக் கூப்பிட்டு வீட்டைச் சுற்றிக் காட்டுங்கள், சின்னச் சின்னப் பழுது இருந்தால் நீங்களே ஆள் வைத்துச் சரிசெய்வது மலிவு. சாமான் ஏற்றிய பிறகு காலி வீட்டை ஒவ்வோர் அறையாக வீடியோ எடுங்கள். கரண்ட் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் என்பதால் நடுவில் காலி செய்யும்போது பில் வராத யூனிட் கொஞ்சம் நிற்கும். அதற்கு ஒரு தொகையை அவர் வைத்துக்கொள்வது நியாயம், மீட்டர் ரீடிங்கை அன்றைய தேதியோடு போட்டோ எடுத்துக்கொண்டால் அந்தத் தொகை எவ்வளவு என்பதில் சண்டை வராது. சாவியைக் கொடுக்கும்போது "இன்ன தேதியில் இத்தனை சாவி பெற்றுக்கொண்டேன், திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸ் இவ்வளவு" என்று அவர் கையெழுத்தில் ஒரு துண்டுத் தாளில் எழுதி வாங்குங்கள். கையெழுத்துப் போட அவர் மறுத்தால் சாவியைக் கொடுத்துவிட்டு, அதே வாசகத்தை அந்த இடத்திலேயே நின்று அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அந்த ஒரு மாதக் கணக்கு அன்றிலிருந்து தொடங்குகிறது.